விடத் தெரியாத நாய்கள்

வால்டர் என்ற காவல்நாய் கோகிலவாணியின் வலது முன்கையைக் கவ்வியபடி நான்கு நிமிடம் பதினொரு விநாடி நின்றது. ஓசூரில், நீலாம்பரி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் அடித்தளத்தில், காலை பத்தரை மணிக்கு அது நடந்தது. கோகிலவாணிக்கு இருபத்தாறு வயது. மூன்று வருடமாக அந்தக் குடியிருப்பில் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவள். அன்று அவள் செய்த குற்றம் என்று தேடினால், கம்பெனி கொடுத்த புது மழைக்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்ததுதான். வால்டருக்கு அந்த உருவம் புதிது.

போலீஸ்காரர்கள் காட்டிய கேமராப் பதிவை ரெஜினா முதல்முறை பார்த்தபோது நாயைத்தான் பார்த்தாள். இருபத்துநான்கு வருடம் போலீஸ் துப்பறியும் நாய்ப் படையில் இருந்தவள், ஓய்வுக்குப் பிறகு தென்மண்டலக் காவல்நாய் விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நடுவர். நாயின் காது, வால், கண் என்று அவள் பார்வை தானாகப் போகும். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் காவலாளியைக் கவனித்தாள். முனிராஜ் என்ற அந்த மனிதன் நாயின் அருகே போகவில்லை. கைபேசியை எடுத்து அழுத்தினான். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அழுத்தினான். தூணுக்கு அந்தப் பக்கம் போய் அழுத்தினான். பிறகு அலறிக்கொண்டிருந்த பெண்ணை நாயோடு விட்டுவிட்டு, கார் ஏறும் சரிவுப் பாதையில் மேலே ஓடினான். வெட்டவெளிக்கு வந்ததும் அழுத்தியிருக்கிறான். கீழே வால்டரின் தாடை சட்டென்று திறந்தது. கதவு திறப்பதுபோல.

"ஒரு தடவை வாயைத் திறந்து 'விடு'ன்னு சொல்லத் தோணலையாப்பா உனக்கு?" என்று ரெஜினா நீலாம்பரிக்கே போய் அவனிடம் கேட்டாள்.

முனிராஜ் விழித்தான். "சொல்லலாம்னே எனக்குத் தெரியாது மேடம். பட்டனை அழுத்தணும், அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க. கீழ சிக்னல் இல்ல. நான் சொல்லியிருந்தாலும் அதுக்கு அந்த வார்த்தை தெரியாது மேடம். யாரும் அதுகிட்ட சொன்னதே இல்ல."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

அந்தப் பட்டனுக்குப் பெயர் கடிவாளம். அரண் உயிர்நுட்பம் என்ற நிறுவனம் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தது. அரிசி அளவு சில்லு ஒன்றை நாயின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். அதிலிருந்து ஒரு நூலிழை தாடை நரம்புக்குப் போகும். கைபேசியில் அழுத்தினால் அரை விநாடியில் தாடை தளர்ந்துவிடும். நாய் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விட்டாக வேண்டும். கட்டளை நேராக நாய்க்குப் போகாது. நிறுவனத்தின் கணினிக்குப் போய், யார் அழுத்தினார், எப்போது அழுத்தினார் என்று பதிவாகி, பிறகுதான் கட்டடத்தில் கம்பி போட்டுப் பொருத்திய கருவி வழியாக நாய்க்குத் திரும்பி வரும். எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா! அந்த ஒழுங்குக்காக ஒரு பெண் நான்கு நிமிடம் கிழிபட்டாள்.

விசாரணைக்கு ஒரு குழு அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி திருவேங்கடம் தலைவர். நிபுணர் கருத்துக் கேட்டு ரெஜினாவுக்குக் கடிதம் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று. 'மந்தை மேய்க்கும் இன நாய்கள் காவல் பணிக்கும் காவல் விளையாட்டுக்கும் ஏற்றவையா?' கடிதத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோகிலவாணியின் பெயர் அதில் எங்குமே இல்லை.

கடிதம் வந்த மறுநாளே சந்திரமௌலி வந்தான். அரண் நிறுவனத்தின் தென்மண்டல மேலாளர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மத்திகிரியில் ரெஜினாவின் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பவ்யமாக உட்கார்ந்தான்.

"உங்களுக்கு சிரமம் குடுக்க வேணாம்னுதான் வந்தேன் மேடம். ஒரே வரி எழுதினாப் போதும். வால்டர் மாதிரி மாலினுவா, ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாமே ஆடு மேய்க்கப் பிறந்த ஜாதி. காவலுக்கு ஒத்துவராது. அவ்ளோதான்."

"எழுதினா?"

"அந்த நாய்களை நாங்க திரும்ப வாங்கிக்குவோம். நம்ம மாநிலத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரம் இருக்கு. ஊசி போட்டு கருணையா முடிச்சிடுவோம். வேற இனத்துல புதுக் கடிவாளத்தோட இறக்கலாம். யார் மேலயும் பழி இல்ல."

"நாய் மேல பழி."

"நாய்தானே மேடம் கடிச்சது?"

"தம்பி, ஆடு மேய்க்கிற நாயை எதுக்காகக் காவலுக்கு எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? வேட்டை நாய்க்குக் கடிக்கத் தெரியும், கொன்னுட்டுத்தான் வாயை எடுக்கும். பண்ணையில கட்டிப் போடற பெரிய நாய் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். மந்தை நாய் அப்படி இல்ல. திமிர்ற கடாவோட குதிகால்ல பல்லைப் பதிக்கும், ரத்தம் வராது. பாயற நேரத்துல மேய்க்கிறவன் ஒரு சத்தம் குடுத்தா அந்தரத்துலயே திரும்பும். கடிக்கணும்கிற வெறியும், பாதியில நிறுத்தற புத்தியும் ஒரே மண்டையில இருக்கிற மிருகம் வேற எது இருக்கு? அதுக்காகத்தான் எடுத்தாங்க. அதை ஏற்றதில்லைன்னு நான் எழுதணுமா?"

சந்திரமௌலி சிரித்தான். கிண்டலாக இல்லை, இரக்கமாகவே சிரித்தான்.

"அது அந்தக் காலம் மேடம்," என்று சொல்லி எழுந்தான்.

அவன் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று ரெஜினாவுக்குப் பட்டது.

கோகிலவாணியைப் பார்க்க பாகலூர் சாலையில் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் போனாள். கையில் கட்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை இனி அசையாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வலி இருக்கா கோகிலா?"

"வலிய விடுங்க மேடம். பார்சலுக்குக் கையெழுத்து வாங்கறப்ப பேனாவை எப்படிப் பிடிக்கிறதுன்னுதான் ரோசனை." பிறகு, கேட்காமலே சொன்னாள். "அந்த நாய் என்னையே பார்த்துச்சு மேடம். நான் கத்தக் கத்த அதுக்கும் பயம். கண்ணு ரெண்டும் அப்படியே விரிஞ்சு போச்சு. விடணும்னு அதுக்கே இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது. எப்படி விடறதுன்னு தெரியல, அவ்ளோதான். அதைக் கொல்ல வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கேன். யாராச்சும் படிச்சாங்களான்னு தெரியல."

இருபத்துநான்கு வருடம் நாய்களோடு வாழ்ந்த தனக்குக் கேமராவில் தெரியாதது, கடி வாங்கியவளுக்குத் தெரிந்திருக்கிறது. ரெஜினா திரும்பும் வழியிலேயே கஃபூருக்குப் போன் செய்தாள்.

கஃபூர் பாய்க்கு அறுபது வயது. காவல்நாய்ப் போட்டிகளில் திருடன் வேடம் போடுபவர். சணலும் தோலும் வைத்துத் தைத்த கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடுவார்; நாய் பாய்ந்து வந்து கவ்வும்; உரிமையாளர் 'விடு' என்றதும் விட வேண்டும். முப்பது வருடமாகக் கடி வாங்குவதே தொழில். எந்த நாயின் மனசு எப்படி என்று பல்லின் அழுத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவருடைய இடது முழங்கை முழுதாக நீளாது.

"கடிவாளத்தை அணைச்சு வச்சுட்டு நாய்களைச் சோதிக்கணும் பாய்."

"இப்பவாச்சும் கேட்டீங்களே," என்றார்.

குழுவின் கடிதத்தைக் காட்டி நாற்பத்தொரு நாய்களை வரவழைத்தாள். எல்லாம் மந்தை இனங்கள். போட்டிகளில் கோப்பை வென்ற நாய்கள், அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சோதனை மூன்று பகல்கள் நடந்தது. நாய் கவ்வும், உரிமையாளர் கத்துவார், நாய் விடாது. கெஞ்சுவார், விடாது. பொம்மை ஒன்றை நீட்டி ஆசை காட்டுவார், விடாது. கடைசியில் சில்லை உயிர்ப்பித்து அழுத்தினால் விடும். கஃபூர் அங்கிக்குள் வேர்த்து, ஒவ்வொரு முறையும் ரெஜினாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தாளில் ஒரு சுழி போட்டாள். நாற்பத்தொரு சுழிகள்.

"சில்லு இருக்கறதால பழகாம இருக்கலாம்," என்று ரெஜினா தனக்கே நம்பிக்கை இல்லாமல் சொன்னாள். "சில்லு வைக்காத குட்டிகளைப் பார்ப்போம்."

ஏழு மாதக் குட்டிகள் பன்னிரண்டு. கந்தல் துணியைக் கவ்வ விட்டார்கள். அவள் படையில் இருந்த காலத்தில் மூன்று குட்டிக்கு ஒன்று, சொல்லிக் கொடுக்காமலே குரலுக்குத் துணியைத் தளர்த்தும். மற்றவை ஒரு வாரத்தில் கற்கும். இந்தக் குட்டிகள் கண்ணை மூடிக்கொண்டு கவ்வின. துணியோடு தூக்கினால் அந்தரத்தில் தொங்கின. ஒன்றுகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மந்தை நாய் பல்லைப் பதித்த நொடியிலும் ஒரு கண்ணை மனிதன்மேல் வைத்திருக்கும். அந்தக் கண் எங்கே போயிற்று?

மரத்தடியில் கஃபூர் அங்கியைக் கழற்றிப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எப்படி பாய்? பன்னிரண்டு வருஷத்துல ஒரு ஜாதியே மாறிடுமா?"

"ஆறு தலைமுறை ஆச்சே ரெஜினாம்மா. நாம எதைப் பார்த்துக் கோப்பை குடுத்தோம்? முன்னாடி பிடிக்கு எம்பது மார்க், விடறதுக்கு இருபது. விடாத நாய் எம்பதோட வீட்டுக்குப் போவும், அதை யாரும் இனம் சேர்க்க மாட்டாங்க. கடிவாளம் வந்தப்புறம் அந்த இருபது எல்லாருக்கும் சும்மா வந்துச்சு. அப்ப யாருக்குக் கோப்பை? யாரு வெறித்தனமா பிடிக்கிறானோ அவனுக்கு. அவன் பிள்ளைங்களுக்குத்தான் கிராக்கி. விடற புத்தி இருக்கற நாய் கொஞ்சம் மென்மையாத்தான் பிடிக்கும். அது தோத்துச்சு. அதுக்குக் குட்டி கிடையாது." அவர் முழங்கையைத் தடவினார். "நான் அன்னிக்கே சொன்னேனே. விட வைக்கிறது வேற, விடறது வேறன்னு."

அவர் எப்போது சொன்னார் என்று ரெஜினாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மருத்துவமனை வார்டில். போட்டியில் ஒரு நாய் கஃபூரின் அங்கி விலகிய இடத்தில் கவ்விவிட்டது. முழங்கை எலும்பு நொறுங்கியது. அவர் கட்டிலருகே நின்றபோது ரெஜினாவுக்கு ஆத்திரமான ஆத்திரம். இந்த விளையாட்டில் இனி எந்த மனிதனும் இப்படிக் கிடக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தாள். அதற்குச் சரியாக அந்த மாதம்தான் அரண் நிறுவனம் தன் சில்லோடு வந்தது. போட்டிகளில் கடிவாளத்தை அனுமதிக்கும் விதிக்குத் தலைமை நடுவராக அவள் கையெழுத்துப் போட்டாள். கட்டோடு கிடந்த கஃபூர் மட்டும், 'வேணாம்மா, நாய் தானா விடணும்' என்று சொன்னார். வலியில் பேசுகிறார் என்று நினைத்தாள்.

சங்கத்தில் விதி மாறியதும் காப்பீட்டுக்காரர்கள் மாறினார்கள், குடியிருப்புகள் மாறின, நாய் வளர்ப்பவர்கள் மாறினார்கள். எல்லாத் தாளிலும் அடியில் 'தலைமை நடுவரின் ஒப்புதலோடு' என்று ஒரு வரி.

விசாரணை நாளன்று அரங்கு நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் கோகிலவாணி தனியாக உட்கார்ந்திருந்தாள். சந்திரமௌலி அழகான படங்கள் போட்டு, மந்தை இனங்களின் மூளை எப்படி ஓடுவதைத் துரத்தும்படி அமைந்திருக்கிறது என்று விளக்கினான். பெண் அலறினாள், அசைந்தாள், அதனால் நாய் தூண்டப்பட்டது என்றான். அரங்கில் ஒரு சிலர் தலையாட்டினார்கள். கடிபட்டவள் சும்மா நின்றிருக்க வேண்டுமாம்!

ரெஜினாவின் முறை வந்தது. சோதனையை விவரித்தாள்.

"நாற்பத்தொரு நாய்களில் ஒன்றுகூடத் தானாக விடவில்லை," என்றாள்.

"அப்படியென்றால் குறை இனத்தில்தானே அம்மா?" என்றார் திருவேங்கடம்.

"இல்லீங்க ஐயா. இந்த இனத்தோட பெருமையே விடறதுலதான் இருந்துச்சு. எத்தனையோ தலைமுறை ஆட்டுக்காரங்க பார்த்துப் பார்த்துச் சேர்த்த புத்தி அது. நாங்க பன்னிரண்டு வருஷத்துல அழிச்சுட்டோம். நாய்க்கு நிறுத்தத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டு, இப்ப நாய்க்கு நிறுத்தத் தெரியலைன்னு கூண்டுல ஏத்தறோம். இது அநியாயம் ஐயா. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் கொன்னா, அடுத்து எந்த இனத்தைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். அந்தச் சில்லு இருக்கிற வரைக்கும் விடற நாய் தோக்கும், விடாத நாய் ஜெயிக்கும்."

"நாங்கள் என்றால் யார்?"

ரெஜினா பழைய விதித்தாளின் நகலை மேசைமேல் வைத்தாள். "முதல் கையெழுத்து என்னுது."

அரங்கில் சலசலப்பு. சந்திரமௌலி முதல்முறையாகக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினான். திருவேங்கடம் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு இடைவேளை அறிவித்தார்.

இடைவேளையில் கோகிலவாணி வராந்தாவில் அவளை நிறுத்தினாள்.

"அந்தக் கையெழுத்துப் போட்டப்ப என்ன நெனச்சீங்க மேடம்?"

"கஃபூர் பாயோட கையை நெனச்சேன்."

கோகிலவாணி அதை யோசித்துப் பார்த்தாள். "என் கைய யாரும் நெனக்கல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் ரெஜினாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

அறிக்கை வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை வால்டரை அரசுக் கூண்டில் வைத்திருந்தார்கள். கஃபூர் யாரையோ பிடித்து அனுமதி வாங்கி, தினமும் காலையில் போனார். சில்லை அணைத்துவிட்டு ஒரு கயிற்றைக் கவ்வக் கொடுப்பார், 'விடு' என்பார், காத்திருப்பார். அவ்வளவுதான். இழுக்க மாட்டார், அதட்ட மாட்டார். சில நாள் ஒரு மணி நேரம் அந்த நாயும் அவரும் கயிற்றின் இரு முனைகளில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

பத்தொன்பதாம் நாள் போன் செய்தார்.

"விட்டான் ரெஜினாம்மா. என் மூஞ்சியைப் பார்த்தான், யோசிச்சான், விட்டான். ஒரே ஒரு தடவதான். ஆனா விட்டான். உள்ள எங்கியோ கொஞ்சம் மிச்சம் இருக்கு."

ரெஜினா அன்றே அதை எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அறிக்கையில் மூன்று பரிந்துரைகள் இருந்தன. குடியிருப்புகளின் அடித்தளங்களில் கைபேசி சிக்னல் தடையின்றிக் கிடைக்க வழி செய்ய வேண்டும். டெலிவரி ஊழியர்கள் நாய் முன்னிலையில் நடந்துகொள்ளும் முறை பற்றிப் பயிற்சி பெற வேண்டும். வால்டர் என்ற நாயை முடித்துவிட வேண்டும். இனத்தை அழிக்கச் சொல்லவில்லை. அதைக் காத்தவள் என்று யாரோ ரெஜினாவைப் பாராட்டியும் பேசினார்கள். கடிவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய சாட்சியம் அறிக்கையின் கடைசியில் பிற்சேர்க்கையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஊசி போட்டார்கள். கஃபூர்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மைதானத்துக்கு அதன்பிறகு வரவில்லை.

அடுத்த மாதம் பாகலூர் சாலைத் திருப்பத்தில் ஆட்டோவில் வந்துகொண்டிருந்த ரெஜினா, "நிறுத்துப்பா, நிறுத்து!" என்று கத்தினாள். நாற்சந்தியின் மேல் பெரிய விளம்பரப் பலகை. வாயை மூடிய, கம்பீரமான ஒரு மாலினுவாவின் முகம். பக்கத்தில் எழுத்துகள்.

'நாற்பத்தொரு நாய்களில் ஒன்றுகூடத் தானாக விடவில்லை.' — ரெஜினா அந்தோணி, தலைமை நடுவர். உங்கள் வாசலுக்கும் அந்தப் பிடி.

ஆட்டோவை நேராக அரண் அலுவலகத்துக்கு விடச் சொன்னாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் சந்திரமௌலியின் மேசைமேல் கையை ஓங்கி அறைந்தாள். அவன் எழுந்து நின்றான். அந்த மரியாதையில் அவன் குறை வைத்ததே இல்லை.

"உக்காருங்க மேடம்."

"என் பேரை எடுங்கடா அதுலருந்து."

"நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூட நாங்க மாத்தல. அரசாங்கம் வெளியிட்ட ஆவணம் மேடம். யார் வேணா எடுத்துப் போடலாம். வக்கீல்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டோம்."

"ஒரு பொண்ணு கை போச்சுன்னு சொன்ன சாட்சிடா அது! அதைப் பார்த்துட்டு எவனாவது அந்த நாயை வாங்குவானா?"

அவன் தன் கணினித் திரையை மெதுவாக அவள் பக்கம் திருப்பினான். பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. குடியிருப்புகள், பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், தனி வீடுகள். "காத்திருக்கறவங்க. இப்ப பதிஞ்சா நாலு மாசம் ஆவும்," என்றான். பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினான். "நானும் முதல்ல பயந்தேன் மேடம். கேஸுக்கப்புறம் விழுந்துடுவோம்னுதான் நெனச்சேன். ஜனங்களுக்கு விடற நாய் வேணாம். உங்க பேச்சைக் கேட்டுத்தான் அது எங்களுக்கே புரிஞ்சுது."

வெளியே வந்தாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நிறுவனத்தின்மேலா, குழுவின்மேலா, நாலு மாதம் காத்திருக்கத் தயாரான அந்தப் பெயர்களின்மேலா? இந்த விஷயம் வேறு யார் வாயிலாவது கோகிலவாணிக்குப் போவதற்குமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வீட்டில் அவள் இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்றார்கள். நீலாம்பரியை விட்டு வேறு பகுதி கேட்டு வாங்கிக்கொண்டாளாம். மகிழம் கார்டன் என்ற குடியிருப்பின் வாசலில் ரெஜினா அவளைப் பிடித்தாள். இடது தோளில் கனத்த பை. வலது கை சட்டைப் பைக்குள்.

"பார்த்துட்டேன் மேடம்," என்றாள் கோகிலவாணி, ரெஜினா வாயைத் திறக்கும் முன்பே. "பத்துப் பேர் போட்டோ அனுப்பிட்டாங்க. அந்தப் போர்டுல நாய் மூஞ்சி போட்ட எடத்துல என் கையப் போடச் சொல்லணும். அப்பவும் வாங்குவாங்களா பாக்கலாம்."

ரெஜினா திரையில் ஓடிய பெயர்களை நினைத்தாள். அப்போதும் வாங்குவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி விரைந்து வந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்று சட்டையில் குத்தியிருந்த பட்டை சொன்னது.

"மேடம், நீங்க ரெஜினா மேடம்தானே? டீவியில பார்த்தேன். என்ன தைரியமா பேசினீங்க! உங்க பேர் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எங்க கமிட்டியில எல்லாருக்கும் நம்பிக்கை வந்துச்சு. ஒண்ணுதான் வாங்கறதா இருந்தோம், ரெண்டா வாங்கிட்டோம். நேத்துதான் வந்துது. வாங்க, பார்த்துட்டுப் போங்க." அவர் பார்வை கோகிலவாணியின் பையில் விழுந்தது. "டெலிவரியாம்மா? நீ இந்த வழியா போவக் கூடாது. பின்பக்கம் போயி சர்வீஸ் லிஃப்ட்ல ஏறு."

"இவங்க யாருன்னு தெரியுதாங்க?" என்று ரெஜினா ஆரம்பித்தாள்.

"விடுங்க மேடம்," என்றாள் கோகிலவாணி. "பதினாலு பார்சல் இருக்கு."

செயலாளர் புன்னகைத்துக்கொண்டே நின்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் கெட்டவரும் இல்லை.

பின்பக்கப் பாதை குறுகல். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் செடி வரிசை. நடுவில் நிழலில், நீளக் கயிற்றில் கட்டிய இரண்டு மாலினுவாக்கள். ஒன்றுக்கு ஒரு வயது இருக்கும். மற்றது அதைவிடச் சிறியது. இரண்டும் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. பக்கத்தில் காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

ரெஜினா கோகிலவாணியின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கோகிலவாணி மறுக்கவில்லை. அவளை மதில் ஓரமாக விட்டு, நாய்கள் இருந்த பக்கமாகத் தான் நடந்தாள். சிறிய நாயின் கண்களைப் பார்த்தாள். அது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடக்கும் கையைப் பார்த்தது.

"மேடம்," என்று கோகிலவாணி மெல்லக் கேட்டாள். "பட்டன் யார்கிட்ட இருக்கு?"

ரெஜினா சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.